ஒன்று எங்கே இருக்கிறது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே நாம் எத்தனையோ பேரை உட்கார வைத்துவிட்டோம். எனக்கு அந்தப் பெண்மணி மேல் எப்போதும் ஒரு பரிவு உண்டு. அவள் சொன்னது நிஜமாக இருந்தால்? கூடம் கோணலாகவே இருந்திருந்தால்? யாராவது ரசமட்டம் வைத்துப் பார்த்தார்களா?

கூடம் என்றால் தரை மட்டும் இல்லை. ஆடுகிறவர் காலுக்கு அடியில் இருப்பது பாதி சிமென்ட், பாதி பாட்டு. பாட்டு கோணலாக இருந்தால் கால் தடுக்கத்தான் செய்யும். கடந்த இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விஷயம், சால்சா நடனம். சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் சால்சா ஆடுகிறார்கள். அதற்குப் பாட்டுப் போடுகிறவன் நான்.

நான் குடியிருப்பது தொரப்பள்ளி. 1878ல் ராஜாஜி பிறந்த ஊர். தென்பெண்ணை ஓரத்துக் கிராமம். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் பஸ்ஸில் வந்தால் உலகமே வேறு. ஓசூர் சிப்காட். எழுபதுகளில் வெறும் மேட்டு நிலமாக இருந்த இடத்தில் பிற்பாடு லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லாரி, மொபெட், கைக்கடிகாரம் மூன்றும் பிறக்கிற ஊர். டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். இப்போது ஹிந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பெங்களூர் 40 கிலோமீட்டர். அங்கே வேலை பார்த்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்து தூங்குகிறவர்களும் ஏராளம்.

என் அக்கா மகன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். பெங்களூரில் இருந்தபோது சால்சா கற்றுக்கொண்டான். தெற்கே சால்சா பரவியதற்கு பெங்களூரில் லூர்டு விஜய், சென்னையில் ஜெஃப்ரி வார்டன் போன்றவர்கள் நடத்திய வகுப்புகள் ஒரு முக்கியக் காரணம். அந்த அலை மெதுவாக ஹைவேயில் இறங்கி எங்கள் ஊருக்கும் வந்தது. அவன் ஒரு மொட்டை மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமை 7 மணிக்கு வகுப்பு ஆரம்பித்தான். முதல் மணி நேரம் பாடம். அப்புறம் ஒன்றரை மணி நேரம் சும்மா ஆட்டம். "மாமா, வீடு பூரா ரெக்கார்டும் கேஸட்டுமா நிரப்பி வெச்சிருக்கீங்களே, பாட்டுப் போடற வேலையை நீங்க பாருங்க" என்றான். அப்படி வந்த பதவி இது. சம்பளம், ஒரு டீ, இரண்டு வடை.

பெரிய ஊர்களில் ஆரம்ப வகுப்பு, நடு வகுப்பு, மேல் வகுப்பு என்று பிரித்துவிடுவார்கள். ஓசூரில் அது நடக்காது. காரணம் ஷிஃப்ட். ஒரு வாரம் ஃபர்ஸ்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் சனிக்கிழமை 7 மணிக்கு ஆள் மெஷின் முன்னால் நிற்பார். நைட் வாரத்தில் வந்தாலும் கண்ணில் பாதித் தூக்கம். ஆக, தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வருகிறவர்கள் அபூர்வம். இரண்டு வருஷமாகக் கற்கிறவர், இரண்டு மாதமாகக் கற்கிறவர், அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றியவர், பெங்களூர் கிளப்புகளில் ஊறிப்போய் இங்கே குடிவந்தவர் எல்லோரும் ஒரே ஹாலில். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஸ்பீக்கர். பாட்டுப் போடுகிறவன் திண்டாட்டம் இங்கேதான் ஆரம்பம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சால்சா என்றால் ஸ்பானிஷ் மொழியில் குழம்பு, சாஸ். பெயருக்கேற்ற கலவைதான். க்யூபாவின் 'சோன்' என்கிற நாட்டுப்புற இசைதான் தாய். அது நியூயார்க்குக்குப் போய், அங்கே பிழைக்க வந்த புவர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கையில் ஜாஸ் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் சேர்ந்து வேகம் பிடித்தது. 1964ல் ஜானி பச்சேகோ என்கிற இசைக்காரரும் ஜெர்ரி மசூச்சி என்கிற வக்கீலும் சேர்ந்து ஃபானியா என்று ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1971 ஆகஸ்ட் 26ல் சீட்டா என்கிற கிளப்பில் அவர்கள் கலைஞர்கள் எல்லோரும் ஒரே மேடையில் வாசித்ததைப் படமெடுத்து மறு வருஷம் வெளியிட்டார்கள். அதற்கப்புறம் சால்சா உலகச் சொத்து.

ஆட்டத்தின் கணக்கு சுலபம். எட்டு எண்ண வேண்டும். 1, 2, 3க்கு அடி வைத்து, 4ல் நிற்கணும். 5, 6, 7க்கு அடி வைத்து, 8ல் நிற்கணும். அவ்வளவுதான். காகிதத்தில் எழுதினால் ஒண்ணாங்கிளாஸ் பாடம்.

ஹாலில் அப்படி இல்லை. முதல் சிக்கல், வேகம். சால்சாப் பாட்டுகள் சுமாராக நிமிஷத்துக்கு 150 தட்டிலிருந்து 250 வரை போகும். அளப்பதற்கு மெஷின் வேண்டாம். கடிகாரம் செய்கிற ஊரில் இருந்துகொண்டு அதற்கென்ன பஞ்சம்? விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே 15 விநாடிக்குள் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி, நாலால் பெருக்கினால் போதும். 160 வேகப் பாட்டில் ஓர் எட்டு முடிய 3 விநாடி. 240ல் அதே எட்டுக்கு 2 விநாடிதான். அந்த ஒரு விநாடியில்தான் புதிதாக வந்தவரின் மானம் இருக்கிறது. இடது கால் எது, வலது கால் எது, எதிரே இருப்பவர் கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று யோசிக்க அவருக்கு அந்த ஒரு விநாடி வேண்டும்.

அப்படியானால் புதியவர்களுக்கு மெதுவான பாட்டு, தேர்ந்தவர்களுக்கு வேகமான பாட்டு, தீர்ந்தது பிரச்னை என்று தோன்றும். இல்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டியில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் பந்தயம் பார்த்திருப்பீர்கள். கடைசியில் வருகிறவனுக்குத்தான் பரிசு. அதில் எத்தனை பேர் கால் ஊன்றிவிடுகிறார்கள்? வேகமாக ஓட்ட யாராலும் முடியும். மெதுவாக ஓட்டத்தான் வித்தை வேண்டும். பரதநாட்டியம் படிக்கிற பெண்களைக் கேளுங்கள். தட்டடவை மூன்று காலத்தில் ஆடச் சொல்வார்கள். மூன்றாம் காலம் மூச்சு வாங்கும், சரி. ஆனால் முதல் காலத்தில் அரைமண்டியில் ஆடாமல் அசையாமல் நின்று அடுத்த தட்டுக்குக் காத்திருப்பது தொடையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். மெதுவாகப் போனால் பிழை மறைவதற்கு இடமில்லை. ரொம்ப மெதுவான சால்சாவைப் புதியவருக்குப் போட்டால், அடிக்கும் அடிக்கும் நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் கிணற்றில் எட்டிப் பார்ப்பவர் மாதிரி நிற்பார்.

அவருக்கு வேண்டியது மெதுவு இல்லை, தெளிவு. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. பாட்டில் 'ஒன்று' எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தால், 180 வேகத்தில்கூட புதியவர் சமாளித்துவிடுகிறார். தெரியாவிட்டால் 150லேயே தொலைந்து போகிறார்.

சால்சாவில் அந்த ஒன்று ஒளிந்து விளையாடும். நம் சினிமாப் பாட்டுகளில் பேஸ் கிடாரோ டிரம்ஸோ முதல் தட்டில் 'தொம்' என்று விழுந்து, 'இதோ இருக்கிறேன்' என்று சொல்லிவிடும். சால்சாவின் பேஸ் பெரும்பாலும் முதல் தட்டில் வாசிக்கவே வாசிக்காது. முந்தின சுற்றின் நாலாவது தட்டிலேயே அடுத்த சுரத்தைப் பிடித்துவிட்டு, ஒன்று வரும்போது சும்மா இருக்கும். கோங்கா மேளத்தில் உரத்துக் கேட்கும் சத்தமும் நாலாவது தட்டில்தான். இதற்கெல்லாம் மேலே 'க்ளாவே' என்று இரண்டு கட்டைகளைத் தட்டுகிற ஒரு கணக்கு. எட்டுத் தட்டுக்குள் ஐந்து அடி. மூன்றும் இரண்டுமாகவோ, இரண்டும் மூன்றுமாகவோ வரும். மொத்தப் பாட்டும் இந்தக் கட்டையைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறார்கள். பல பாட்டுகளில் அந்தக் கட்டைச் சத்தமே இருக்காது. இருப்பதாக எல்லோரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள்.

கேட்கிறவனுக்கு இதுதான் ருசி. முதல் நாள் ஆடுகிறவருக்கு இதுதான் கோணல் கூடம்.

ஆனால் சால்சா கருணை இல்லாததல்ல. பாட்டின் இரண்டாம் பாதியில் 'மொந்தூனோ' என்று ஒரு பகுதி வரும். முன்பாட்டுக்காரர் ஒரு வரியை இஷ்டத்துக்குப் பாட, கூட இருப்பவர்கள் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பதிலாகச் சொல்வார்கள். நம் கும்மியும் பஜனையும் இப்படித்தானே! அந்த இடத்தில் ஒருவர் மாட்டு மணி போன்ற ஒரு மணியைக் கையில் எடுப்பார். அது ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று பட்டவர்த்தனமாக அடிக்கும். அதுவரை தொலைந்திருந்தவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, மணி சீக்கிரமே வருகிற பாட்டு, மணி உரக்கக் கேட்கிற பாட்டு எதுவென்று பார்த்துத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். என் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கு எதிரிலும் வேகம், மணி, நீளம் என்று மூன்று கட்டம்.

நீளமும் சாதாரண விஷயமில்லை. ரூபென் ப்ளேட்ஸும் வில்லி கொலோனும் சேர்ந்து 1978ல் வெளியிட்ட 'சியெம்ப்ரா' என்கிற இசைத்தட்டில் 'பெத்ரோ நவாஹா' என்று ஒரு பாட்டு. ஒரு ரவுடியின் கதை. சால்சா உலகமே கொண்டாடுகிற பாட்டு. 7 நிமிஷத்துக்கும் மேலே ஓடும். வீட்டில் உட்கார்ந்து கேட்க அற்புதம். ஆனால் மூன்று அடவு மட்டுமே தெரிந்த ஒருவர், முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு 7 நிமிஷம் என்ன செய்வார்? நாலு நிமிஷம் தாண்டாத பாட்டுதான் புதியவர்களுக்கு மரியாதை.

ஆடுகிறவர் காலைப் பார்த்து இசையையே மாற்றிய ஒரு மனிதர் இருந்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்ரிகே ஹொரீன். க்யூபாவின் ஹவானா நகரத்தில் 1950களின் ஆரம்பத்தில் ஓர்கெஸ்தா அமெரிக்கா என்ற குழுவில் வயலின் வாசித்தார். அந்தக் காலத்து நடன இசையில் தாளம் தள்ளித் தள்ளி, இடறி இடறி விழும். மேடையிலிருந்து பார்த்தால் கீழே பாதிப் பேர் தடுமாறுவது அவருக்குத் தெரிந்தது. 'ஆடத் தெரியாத ஜனங்கள்' என்று அவர் சொல்லவில்லை. கூடத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தார். மெட்டு தாளத்தின் மேலேயே நேராக விழுகிற மாதிரி, இடறல்களைக் குறைத்துப் பாட்டுகள் எழுதினார். அப்படி வந்ததுதான் 1953ல் ரெக்கார்டு ஆன 'லா எங்கான்யாதோரா'. தலைப்புக்கு அர்த்தம், ஏமாற்றுக்காரி. ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். தரையில் மூன்று முறை வேகமாக உரசுகிற அவர்கள் செருப்புச் சத்தமே அந்த நடனத்துக்குப் பெயராகிவிட்டது. சா-சா-சா. பின்னாளில் டிட்டோ புவென்டே இதே பாணியில் எழுதிய 'ஓயே கோமோ வா'வை 1970ல் சாண்டானா கிடாரில் வாசித்து உலகம் பூராவும் கொண்டுபோனார். தத்தளித்த கால்களுக்காகச் செய்த இசை, கடைசியில் தேர்ந்தவர்களுக்கும் விருந்தாகப் போனது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு கதை உண்டு. கொலம்பியா நாட்டில் காலி என்று ஒரு நகரம். சுற்றிலும் கரும்பு, சர்க்கரை ஆலைகள், வேலை தேடி நாலா பக்கமிருந்தும் வந்த ஜனங்கள். ஏறக்குறைய நம் ஓசூர் ஜாடை. அறுபதுகளின் கடைசியில் நியூயார்க்கிலிருந்து வந்த இசைத்தட்டுகள் அந்த ஊர்க்காரர்களுக்கு மந்தமாகப் பட்டன. என்ன செய்தார்கள் தெரியுமா? நிமிஷத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய தட்டை 45ல் ஓடவிட்டார்கள். பாடகர் குரல் கீச்சென்று ஆகிவிடும். கவலையே படவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கால் போடுகிற காலி பாணி அப்படித்தான் வளர்ந்தது. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஆடினால் பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

ஹவானாவில் குறைத்தார்கள், காலியில் கூட்டினார்கள். இரண்டும் எதிரெதிர் மாதிரித் தெரிகிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் வேகத்தைத் தீர்மானித்தது ஆடுகிறவர்கள் கால். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்க வைத்தது எங்கள் ஹாலுக்கு வருகிற ஒரு பெண்மணி.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை. எல்லோருக்கும் அவர் அக்கா. கூட வேலை பார்க்கும் பெண் இழுத்துக்கொண்டு வந்ததால் வந்தார். மூன்றாவது தடவை வந்த அன்றைக்கு எனக்கு ஊரில் ஒரு கல்யாணம், தாமதமாகத்தான் போனேன். பெங்களூர்ப் பையன் ஒருத்தன் தன் போனிலிருந்து பாட்டு ஓடவிட்டிருந்தான். எல்லாம் 220க்கு மேலே. நடுவில் நாலு ஜோடி பம்பரமாகச் சுற்றுகிறது. சுவரோரம் நாற்காலிகள் நிரம்பியிருக்கின்றன. அக்கா தண்ணீர் கேன் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, உட்கார்ந்துட்டீங்க?" என்று என் மருமகன் கேட்டான்.

"நீ ஆடு தம்பி. காலையில இருந்து லைன் சொன்ன வேகத்துக்குக் கை ஓடிச்சு. இப்ப பாட்டு சொல்ற வேகத்துக்குக் காலும் ஓடணுமா?" என்றார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். ஆனால் பையன் முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால், பகலில் லைனின் வேகத்தைக் கணக்குப் போடுவதுதான் அவன் உத்தியோகம்.

அன்றிரவு வண்டியில் என்னைத் தொரப்பள்ளியில் விடும்போது சொன்னான். "மாமா, எங்க வேலையில 'டாக்ட் டைம்'னு ஒண்ணு உண்டு. ஒரு ஷிஃப்ட்ல கையில இருக்கற நேரத்தை, எத்தனை பீஸ் வேணுமோ அதால வகுக்கணும். 450 நிமிஷம் இருக்கு, 900 பீஸ் வேணும்னா, அரை நிமிஷத்துக்கு ஒண்ணு வெளியே வரணும். அதுதான் லைனோட துடிப்பு. எல்லார் கையும் அதுக்குள்ள முடிக்கணும். இந்த டாக்ட் எந்த பாஷைன்னு நினைக்கறீங்க? ஜெர்மன். அவங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? சங்கீதத்தில வர்ற தாளம்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தாளம் என்கிற சொல் இசையிலிருந்து கிளம்பி, தொழிற்சாலைக்குள் புகுந்து, எட்டு மணி நேரம் ஒரு பெண்ணை ஓட்டிவிட்டு, சாயங்காலம் மறுபடி சல்லாபமாக ஸ்பீக்கர் வழியாக வந்து நிற்கிறது. அந்த அக்காவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததில் என்ன ஆச்சரியம்?

லைனிலும் ஒரு நியாயம் உண்டு என்று அவன் சொன்னான். ஒரு ஆளிடம் வேலை தேங்கினால் அவரைத் திட்டுவது கெட்டிக்காரத்தனமில்லை. அவர் மேசைக்கு வருகிற வேலையைப் பிரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுக்கணும். லைனைச் சமன் செய்வது என்று அதற்குப் பெயர். அடுத்த சனிக்கிழமை முதல் பாட்டு வரிசையைச் சமன் செய்ய உட்கார்ந்தோம்.

விதி ஒன்றே ஒன்றுதான். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு பாட்டுக்கு உட்காரக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வந்தது.

பாட்டுகளை நாலு நாலாகக் கட்டினேன். முதல் பாட்டு எல்லோருக்கும்: 160, 170 வேகம், மணி உரக்கக் கேட்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் ஏற்றம், ஆனால் தெளிவு குறையாது. இரண்டிலும் ஆடிக் களைத்த புதியவர் உட்கார நினைக்கிற நேரத்தில், மூன்றாவதாகப் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு சூறாவளி. உட்கார்ந்தவருக்கு அது தண்டனை இல்லை, ஓய்வு. வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளவும் நேரம். நாலாவது பாட்டுக்கு சால்சாவே வேண்டாம். சா-சா-சா அல்லது பச்சாத்தா. பச்சாத்தா டொமினிகன் நாட்டுச் சரக்கு. பக்கவாட்டில் மூன்று அடி, நாலாவதில் ஒரு சின்ன இடுப்பசைவு. பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். நாற்காலிகள் காலியாகும். மறுபடி முதலிலிருந்து.

வரிசையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவேன். அங்கே போனதும் பாதியை அடித்துவிடுவேன். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் அதிகம் வந்திருந்தால் ஒரு சுற்று வேகம் குறையும். மழை நாளில் தேர்ந்தவர்கள் மட்டும் வந்திருந்தால் கூடும். பாட்டுப் போடுகிறவன் ஸ்பீக்கரையும் போனையும் பார்க்கக் கூடாது. கால்களைப் பார்க்கணும். அதற்கும் மேலே, நாற்காலிகளைப் பார்க்கணும்.

பெங்களூர்ப் பையன்கள் முதல் இரண்டு வாரம் முனகினார்கள். "அங்கிள், ரொம்ப ஸ்லோவா இருக்கு. போரடிக்குது" என்றார்கள். மருமகன் அவர்களைக் கூப்பிட்டு, "ஸ்லோ பாட்டுல நீங்க புதுசா வந்தவங்களோட ஆடுங்க. எத்தனை சுத்து சுத்தறீங்கன்னு பார்க்க மாட்டேன். உங்க பார்ட்னர் எத்தனை தடவை சிரிச்சாங்கன்னு பார்ப்பேன்" என்றான். முதலில் கடனே என்று ஆடினார்கள். அப்புறம் ஒருத்தன் வந்து சொன்னான். வேகப் பாட்டில் ஓடுவதற்கே நேரம் சரியாக இருக்கிறதாம். இதில்தான் பியானோ என்ன வாசிக்கிறது என்று முதல் முறையாகக் கேட்டானாம். 4லும் 8லும் சும்மா நிற்காமல் தோளை ஆட்டலாம், காலைத் தட்டலாம், பாடகர் இழுக்கும்போது கூட இழுக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறான். தெளிவான பாட்டு புதியவருக்குப் பாதை, தேர்ந்தவருக்கு மைதானம்.

இதெல்லாம் லத்தீன் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய ஞானம் இல்லை. நையாண்டி மேளக்காரர்களுக்குத் தெரியாததா? தலையில் கரகத்தோடு ஆடுகிறவர் நிதானிக்கும்போது தவில் நிதானிக்கும். அவர் கால் சூடு பிடித்தால் பம்பையும் சூடு பிடிக்கும். வாசிக்கிறவர் கண் தன் கையில் இருக்காது, ஆடுகிறவர் காலில் இருக்கும். நட்டுவனார் தட்டுக்கழியோடு உட்காருவதும் அதற்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் பரதநாட்டியக் கச்சேரிக்கு வரிசை அமைத்தபோதும், எடுத்த எடுப்பில் வர்ணத்தை வைக்கவில்லை. அலாரிப்பில் உடம்பை மலர்த்தி, படிப்படியாக ஏற்றி, நடுவில் வர்ணத்தை வைத்து, பதத்தில் ஆசுவாசப்படுத்தி, தில்லானாவில் முடித்தார்கள். உடம்பு தெரிந்தவர்கள் போட்ட வரிசை அது. ரெக்கார்டு வந்த பிறகுதான் இசைக்குக் கண் போயிற்று. வாசிக்கிறவர் ஸ்டூடியோவில், ஆடுகிறவர் ஹாலில். பிளேயருக்கு முன்னால் யார் விழுந்தாலும் தெரியாது. அந்தப் போன கண்ணுக்குப் பதிலாகத்தான் என்னை மாதிரி ஒரு ஆளை ஓரத்தில் உட்கார வைக்கிறார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள், பாட்டு இரண்டாம் பாதிக்குள் நுழைந்தபோது, அந்த அக்கா ஆடிக்கொண்டே மருமகனிடம் கேட்டார்: "தம்பி, அந்த மணி அடிக்குதுல்ல, அதுதானே ஒண்ணு?"

"ஆமாக்கா."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? லைன்லயும் மணிதான் அடிப்பாங்க, எனக்கா தெரியாது?" என்றார். அதற்கப்புறம் அவர் வாய்க்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சில வாரங்களாக, மூன்றாவது பாட்டான சூறாவளிக்கும் உட்காருவதில்லை. அவருக்கு நான் பாட்டு வேகத்தைக் குறைக்கவில்லை. ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரிகிற பாட்டாகப் பார்த்துப் போட்டேன், அவ்வளவுதான். வேகத்தை அவரே ஏற்றிக்கொண்டார்.

உங்களில் பலர் சால்சா பக்கமே வரப்போவதில்லை. பரவாயில்லை. இப்போதெல்லாம் ரிசப்ஷன் என்றால் டி.ஜே. இல்லாமல் நடப்பதில்லை. பத்துப் பதினைந்து காலேஜ் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் குதிப்பார்கள். மிச்சம் இருநூறு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐஸ்க்ரீமோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஆட ஆசையில்லை என்று நினைக்கிறீர்களா? மேஜைக்கடியில் பாருங்கள். பெரியப்பாவின் கட்டைவிரல் செருப்புக்குள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த டி.ஜே. பையனிடம் போய், அதட்டாமல், தோளில் கை போட்டு, நாலு பாட்டுக்கு ஒரு பாட்டு பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் போடச் சொல்லுங்கள். எம்.எஸ்.வி.யின் பாங்கோஸ் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஒன்று எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.